திட்டினால் வருவானா?

கத்தலா என்றொரு கணினி மொழி. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. சட்ட அறிஞர் பியேர் கத்தலாவின் பெயரைத் தாங்கியது. சட்டப் பிரிவை அப்படியே வைத்து, அதன் கீழேயே அதற்கான கணக்கை எழுதலாம், அதுவும் பிரெஞ்சுச் சொற்களிலேயே.

இப்படிப்பட்ட சின்ன மொழிகளின் அபிமானிகள் செய்வதென்ன? பைத்தானைத் திட்டுகிறார்கள். திட்டு வாங்கியவன் வருவானா ஐயா?

வீட்டு வாடகை உதவித்தொகை விதி ஒன்றை எழுதி, அந்தப் பிரிவு குமாஸ்தாவின் மேசையில் வையுங்கள். பொதுவிதி முதலில், 'ஆனால்' எல்லாம் விதிவிலக்காகத் தனியே. கம்ப்யூட்டர் படித்தவனல்ல நான். காலமெல்லாம் அரசாணைகளைப் புரட்டியவன், படித்தவுடன் பிடிபட்டது. கோப்பில் தப்பு எங்கே வரும் என்று தெரிந்தவர் கேட்டால்தான் இது அலுவலகத்துக்குள் நுழையும். பைத்தான்காரர் தலையில் கட்டுவானேன்?