பழைய பெட்டி, பெரிய டிஸ்க்

"சாப், யே தோ கபாட் ஹை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் நேரு பிளேஸ் கடைக்காரர் ஒருவர். அவர் கபாட் என்றது என் வொர்க்ஸ்டேஷனை. 2009-ஆம் வருடத்துத் தயாரிப்பு. அலுவலகத்தில் கழித்துக் கட்டியபோது ஏலத்தில் எடுத்தேன். கனம் அம்மிக்கல் மாதிரி. ஆனால் இன்றுவரை ஒரு நாள் படுத்ததில்லை.

அப்பா ஊரிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகள், குழந்தைகள் பொங்கல் விழா மேடையில் ஆடிய வீடியோ, கல்யாண ஆல்பங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கலாமே என்று 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினேன். பாதிக்கு மேல் பயன்படுத்த முடியவில்லை. "மதர்போர்டு பழசு, புது கம்ப்யூட்டர்தான் வழி" என்றார் அவர்.

அது சரியல்ல என்பது என் கட்சி. கோளாறு பெட்டியில் இல்லை. டிஸ்கைப் பாகம் பிரித்து எழுதி வைக்கும் அட்டவணையில் இருக்கிறது. எம்.பி.ஆர். என்ற பழைய அட்டவணை, 512 பைட் அறைகளை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. அந்தக் கணக்கு சுமார் 2.2 டெராபைட்டில் தீர்ந்துவிடும். ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணைக்கு 64 பிட் எண். டிஸ்க் காலியாக இருக்கும்போதே அதற்கு மாற்றிக்கொண்டால் முழு இடமும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, செலவு பத்து நிமிடம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜி.பி.டி. புரியாது, விண்டோஸ் 7, லினக்ஸ் இரண்டுக்கும் புரியும். பழைய பயாஸ் உள்ள பெட்டியில் விண்டோஸ் இந்த டிஸ்கிலிருந்து கிளம்பாது. அது பழைய சின்ன டிஸ்கிலேயே இருக்கட்டும். விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அதை வைத்திருப்பவர்கள் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

புது டிஸ்க் சுழலவே இல்லையென்றாலும் பதற வேண்டாம். மிகப் பெரிய டிஸ்குகள் சிலவற்றில், சாட்டா பவர் கனெக்டரின் 3-வது முனையில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் நின்றுவிடும். பழைய பவர் சப்ளைகளில் இது நேரும். நாலு முனை மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் வயரைப் போட்டால் தீர்ந்தது, மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது.

இந்த மாதிரிச் சுவர்கள் முன்பும் இருந்தன. 528 மெகாபைட், 8.4 கிகாபைட், 137 கிகாபைட் என்று ஒவ்வொன்றாக முளைத்தன. ஒவ்வொன்றையும் தாண்டித்தான் வந்திருக்கிறோம். விவரம் தெரியாததால் நல்ல பெட்டிகளைக் கபாடிக்குப் போடுவது வீண்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டிஸ்க் பெரிதானால் இழப்பும் பெரிது. கிழே விழுந்தாலோ மின்சாரம் தாறுமாறாக வந்தாலோ எல்லாம் ஒரே நொடியில் போய்விடலாம். அதனால் 8 டெராபைட் ஒன்று வாங்குவதைவிட 4 டெராபைட் இரண்டு வாங்குங்கள். ஒன்று பெட்டியில். அதன் நகல் இன்னொன்றில், வேறொரு வீட்டில்.

என்னுடைய இரண்டாவது டிஸ்க், போன முறை ஊருக்குப் போனபோது தம்பி வீட்டு பீரோவுக்குப் போய்விட்டது. அப்பா குரல் இப்போது இரண்டு ஊரில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேசட்டுகள் எங்கே இருக்கின்றன?