காக்கிச் சட்டையும் கணக்குப் புத்தகமும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள எந்தப் பட்டாசுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் முதலில் எதிர்ப்படுவது மருந்து அல்ல, விதிகள்தான். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யலாகாது. இரும்புக் கருவி கூடாது. இன்று கலந்த மருந்தை நாளைக்கென்று மிச்சம் வைக்கலாகாது. வந்த வெடியுப்பு எவ்வளவு, செலவானது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று புத்தகத்தில் எழுதியாக வேண்டும். வெளியூர் அன்பர்களுக்கு இதெல்லாம் அதிகப்படியான கண்டிப்பாகத் தோன்றலாம். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் வெடி விபத்தில் மாண்டதை மறக்காத எங்கள் பிரதேசத்து ஜனங்களுக்கு அப்படித் தோன்றாது. அபாயமான பொருளை ஒருவன் கையில் கொடுத்தால், கூடவே கணக்குப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த நியாயம்.

அந்தக் கணக்கைச் சோதிக்க வருகிறவர்களில் போலீஸாரும் உண்டு. வரட்டும், சோதிக்கட்டும், அது அவர்களுடைய கடமை. ஆனால் போலீஸாரிடமும் நாம் சில பொருள்களை ஒப்படைத்திருக்கிறோம். லத்தி, துப்பாக்கி, ஜீப், அதற்கு ஊற்றும் பெட்ரோல், நிலையத்துச் சுவரில் மாட்டிய காமிரா, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காக்கிச் சட்டை. மருந்தைவிட இவை அபாயம் குறைந்தவை அல்ல. இவற்றின் கணக்கை யார் கேட்பது?

இந்தக் கேள்வியைச் சில வருஷங்களுக்கு முன்னால் சென்னை ஹைகோர்ட்டு கேட்டது. வழக்கு என்னவோ சின்ன வழக்குத்தான். சர்க்கார் கொடுத்த குடியிருப்பைக் காலி செய்யும்படி வந்த உத்தரவை எதிர்த்துப் போலீஸ் இலாகாவைச் சேர்ந்த ஒருவர் தொடுத்தது. 2022-ம் வருஷத்தில் அதை விசாரித்த நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் வீட்டோடு நிற்கவில்லை. சொந்த வண்டிகளில் 'போலீஸ்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு திரிவது, கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டிக்கொள்வது ஆகியவற்றையெல்லாம் விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் 'ஆர்டர்லி' என்ற பழைய புண்ணில் கை வைத்தார்.

ஆர்டர்லி என்றால் என்னவென்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கார துரைமார்கள் காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது. மேலதிகாரியின் பங்களாவில் துணி துவைக்கவும், நாயைக் குளிப்பாட்டவும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடவும் கான்ஸ்டேபிளை வைத்துக்கொள்வது. துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள். ஏற்பாடு மட்டும் கப்பலேறவில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார் 1979-ம் வருஷத்திலேயே இதை ஒழித்து உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. கான்ஸ்டேபிள் சமையற்கட்டில் இருந்தார். நாற்பத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு, சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டை நாடு கொண்டாடிய அதே ஆகஸ்டு மாதத்தில், இந்த அடிமை வழக்கத்தை நான்கு மாதத்துக்குள் அடியோடு நீக்க வேண்டும் என்று ஹைகோர்ட்டு சொல்ல வேண்டி வந்தது.

"ஒரு போலீஸ்காரர் எஜமானி அம்மாளுக்குக் கத்தரிக்காய் வாங்கிக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?" என்று சிலர் கேட்கக் கூடும். கத்தரிக்காயில் தோஷம் இல்லை. ஆனால் அந்தக் கான்ஸ்டேபிளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறவர்கள் ஜனங்கள். இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்குத் துணையாகத் தெருமுனையில் நிற்க வேண்டியவர் அவர். பங்களாத் தோட்டத்தில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது தெருமுனை காலியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியை உபாத்தியாயர் தம் வீட்டுக்குக் கொண்டுபோனால் நஷ்டம் ஒரு காசு. மறுநாள் கரும்பலகை வெறுமையாக இருப்பதுதான் உண்மையான நஷ்டம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. இலாகாவின் பொருள் நம்முடைய பொருள் என்ற எண்ணம் பங்களாவில்தான் முளைக்கிறது. மேலதிகாரியின் செருப்பைத் துடைத்த கான்ஸ்டேபிள், காக்கிச் சட்டை என்பது ஜனங்கள் கொடுத்த பொறுப்பு என்று எங்கே கற்றுக்கொள்வார்? அது எஜமானர் கொடுத்த சேவகம் என்றுதான் கற்றுக்கொள்வார். நாளைக்கு அவருக்கும் ஓர் அதிகாரம் வரும்போது அவரும் எஜமானர் ஆவார். தீபாவளி சமயத்தில் இலாகா ஜீப்பில் பட்டாசுப் பெட்டி ஓசியில் ஏறுமானால், அது இந்தப் பாடத்தின் இரண்டாம் வகுப்பு.

கடைசி வகுப்பு எங்கே நடக்கிறது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். எங்கள் ஜில்லாவுக்குத் தெற்கே அடுத்த ஜில்லாவில் சாத்தான்குளம் இருக்கிறது. 2020-ம் வருஷம் ஜூன் 19-ம் தேதி, கொரோனா ஊரடங்குக் காலத்தில், செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜ் என்பவரையும் அவருடைய மகன் பென்னிக்ஸையும் போலீஸார் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். குறித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். மறுநாள் இருவரும் கோவில்பட்டிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ம் தேதி இரவு மகன் இறந்தார். 23-ம் தேதி விடியற்காலையில் தகப்பனார் இறந்தார்.

மதுரை ஹைகோர்ட்டுக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை விசாரணைக்கு அனுப்பியது. அவர் நிலையத்துக்குப் போய்க் காமிராப் பதிவைக் கேட்டார். பதிவு இல்லை! காமிரா இருந்தது, அதன் வட்டில் ஒரு டெராபைட் அளவுக்கு இடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் அன்றன்றே அழிந்துபோகும்படி யந்திரம் முடுக்கி வைக்கப்பட்டிருந்தது. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டையே அங்கிருந்தவர்கள் மரியாதைக் குறைவாக நடத்தினார்கள். இதைக் கேட்ட ஹைகோர்ட்டு, தடயங்களைக் காப்பாற்றுவதற்காக அந்தப் போலீஸ் நிலையத்தையே ரெவினியூ அதிகாரிகளின் வசத்தில் ஒப்படைக்கச் சொல்லிற்று. போலீஸ் நிலையத்துக்கே காவல் போட வேண்டிய நிலைமை!

அந்த நிலையத்தில் இருந்த எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தர்மம் அல்ல. அங்கே வேலை பார்த்த பெண் ஹெட் கான்ஸ்டேபிள் ஒருவர், இரவெல்லாம் அடி விழுந்ததையும் லத்திகளில் இரத்தக்கறை படிந்திருந்ததையும் மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியம் சொன்னார். சக உத்தியோகஸ்தர்கள் சூழ நிற்கையில் அவர் எவ்வளவு அஞ்சியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கார் பணத்தில் வாங்கிய காமிரா செய்யத் தவறிய கடமையை அந்த அம்மாள் செய்தார். பிற்பாடு ஸி.பி.ஐ. இலாகா ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, வேறொரு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தேசத்துக்கெல்லாம் பொதுவாக ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் வாயில், லாக்கப், தாழ்வாரம் முதலிய எந்த இடமும் விடுபடாமல் காமிரா இருக்க வேண்டும். இருட்டிலும் அது பார்க்க வேண்டும். படத்தோடு குரலையும் பதிய வேண்டும். பதிவைப் பதினெட்டு மாதம், எவ்விதத்திலும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல், காப்பாற்ற வேண்டும். சாத்தான்குளத்து வட்டுக்கு ஆயுள் ஒரு நாள். சுப்ரீம் கோர்ட்டு கேட்டதோ பதினெட்டு மாதம். இவ்வளவு சொல்லியும் 2025-ம் வருஷம் செப்டம்பரில் அதே கோர்ட்டு, நிலையங்களில் காமிராக்கள் வேலை செய்யாதது பற்றித் தானாகவே மறுபடியும் வழக்கு எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், எங்களுக்கு இன்னொரு பக்கத்து அண்டை ஜில்லாவான சிவகங்கையில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். நகை காணாமற்போனதாக வந்த புகாரின்பேரில் அவரை விசாரித்தவர்கள் சாதாரண உடையில் வந்த தனிப்படையினர். அவர்கள் அவரை அடித்ததற்குச் சாட்சியாக வெளிவந்தது, ஒருவர் மறைந்திருந்து தம் செல்போனில் எடுத்த படம். சர்க்காரின் கண் மூடியிருக்கும்போது ஜனங்களின் கண் திறந்திருக்கிறது என்பது ஒரு விதத்தில் ஆறுதல். ஆனால் ஒளிந்திருந்து படம் எடுத்துத்தான் உண்மையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அது சுதந்திர நாட்டுக்குப் பெருமை ஆகாது.

1829-ம் வருஷத்தில் லண்டனில் ராபர்ட் பீல் போலீஸ் படையை ஏற்படுத்தியபோது ஒவ்வொருவர் கழுத்துப் பட்டையிலும் எண் போட்டார்கள். தவறு செய்தவர் இன்னாரென்று ஜனங்கள் அடையாளம் சொல்வதற்கு அது உதவிற்று. நமக்கு அந்த ஆங்கிலேயர் கொடுத்ததோ ஜனங்களை அடக்குவதற்கான போலீஸ். 1859-ம் வருஷத்துச் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டத்தில் அதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். அந்தப் போலீஸின் ருசியை எங்கள் ஊர் நன்றாக அறியும். 1933-ம் வருஷத்தில் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரையே சிக்க வைத்தார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோஸப்பும் வாதாடிக் குற்றச்சாட்டு ஆதாரமற்றதென்று நிரூபித்தார்கள். அன்றைக்கு, "இது அந்நியன் போலீஸ்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டோம். இன்றைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. லத்தியும் நம்முடையது, அது விழும் முதுகும் நம்முடையது.

அதே காமராஜர் முதல் மந்திரியானதும் நடந்ததாக விருதுநகரில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதல் மந்திரியின் தாயார் தெருக் குழாயில் காத்து நிற்கலாமா என்று எண்ணிய நகரசபையார் அந்த அம்மாள் வீட்டுக்குத் தனியாகக் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். காமராஜர் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டாராம். ஒரு குழாய்த் தண்ணீரில் முனிஸிபாலிட்டி திவாலாகி விடாது. ஊருக்கு இல்லாத சலுகை தம் வீட்டுக்கும் கூடாது என்பதே அதன் பொருள். பங்களாக்களில் மறந்துபோன பாடம் இதுதான்.

நம் குடும்பங்களிலே போலீஸ் நிலையத்துக்குப் போவதே அவமானம் என்ற எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை விட வேண்டும். புகார் எழுதிக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கைது செய்ய வருகிறவர் பெயர்ச் சின்னம் அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996-ம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு விதித்திருக்கிறது. நிலையம் காமிராவின் கண்காணிப்பில் இருக்கிறது என்றும், கொடுமை நேர்ந்தால் மனித உரிமைக் கமிஷனிடம் முறையிடலாம் என்றும் ஜனங்களின் பாஷையில் வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020-ம் வருஷத்து உத்தரவு சொல்கிறது. அடுத்த தடவை போலீஸ் நிலையத்தைக் கடந்து போகும்போது அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் உள்ளே போய், "ஏன் ஐயா இல்லை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மருந்து அறைக்குக் கணக்குக் கேட்கிற தேசத்தில் லாக்கப் அறைக்கும் கணக்குக் கேட்கலாம்.