குதிரை யாருடையது?

1950களிலும் 60களிலும் கலிஃபோர்னியாவின் போலோ மைதானங்களில் ஏ. ஜோன்ஸ் என்றொரு ஆட்டக்காரர் இருந்தார். தொளதொளவென்ற சட்டை, ஹெல்மெட்டுக்குள் திணித்த தலைமுடி, மேலுதட்டில் மெல்லிய மீசை. ஆட்டம் முடிந்ததும் ஆள் காணாமல் போய்விடுவார். மாலை விருந்தில் எல்லோரும் கூடி ஜோன்ஸின் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஓர் இளம்பெண் அருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாராம். அவர்தான் ஜோன்ஸ். பெயர் சூ சாலி ஹேல். மீசை, மஸ்காராவால் வரைந்தது. அமெரிக்க போலோ சங்கம் அன்று பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. உறுப்பினர் அல்லாதவருக்குப் போட்டியில் இடமும் இல்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் அந்த மீசையோடு ஆடினார். விடாமல் வாதாடியும் வந்தார். 1972-இல்தான் சங்கம் பெண்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மீசையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பின்னால் இருக்கிற கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. மீசை வரைந்துகொண்டால் ஆணாகத் தெரியலாம். ஏறி ஆடக் குதிரை வேண்டுமே, அதற்கு எங்கே போனார்? எங்கும் போகவில்லை. தானே பழக்கினார். கார்மல் பள்ளத்தாக்கில் குதிரைகளைப் பழக்கி, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றமும் போலோவும் சொல்லிக்கொடுத்து, ஐந்து குழந்தைகளையும் வளர்த்தவர் அவர். போலோவில் பெண்கள் நுழைந்த வழி விதிப்புத்தகத்தில் இருப்பதைவிட லாயத்தில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அவர்தான் முதல் காரணம்.

இந்த ஆட்டத்தில் குதிரைக்கு உள்ள இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மைதானம் 300 கஜ நீளம், 160 கஜ அகலம். ஓர் அணிக்கு நான்கு பேர். ஆட்டத்தைச் சக்கர் என்று ஏழு ஏழரை நிமிடத் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் ஆறு சக்கர், அர்ஜென்டினாவில் எட்டும் உண்டு. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து, சட்டென்று நின்று, பின்னங்கால்களில் திரும்பி மறுபடி பாய்வதுதான் குதிரையின் வேலை. இதை ஒரே குதிரையால் தொடர்ந்து செய்ய முடியாது. ஒவ்வொரு சக்கருக்கும் புதுக் குதிரை வேண்டும். ஒரு சக்கர் ஆடிய குதிரையை நன்றாக இளைப்பாறவிட்டு, இன்னொரு சக்கருக்கு வேண்டுமானால் இறக்கலாம். ஆக, மேல்மட்டத்தில் ஆடும் ஒருவருக்கு எட்டு, பத்துக் குதிரைகள் தேவை. பெரும்பாலும் பெட்டைக் குதிரைகள். ஏறக்குறைய 450 கிலோ எடை, தோள்வரை ஐந்தடி உயரம்.

போலோவில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். ஒருவரையொருவர் எதிர்த்தும் ஆடலாம். பெண்ணால் ஆணோடு எப்படி மோத முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்டத்திலேயே பதில் இருக்கிறது. பந்தை நோக்கிப் போகும் எதிராளியைப் பக்கவாட்டில் தோளோடு தோள் உரசித் தள்ளிக்கொண்டு போவது சட்டப்படி சரியான உத்தி. அங்கே மோதுபவை இரண்டு குதிரைகள். தன் குதிரை எந்தக் கோணத்தில் சேர வேண்டும், எந்த நொடியில் தோளைக் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவருக்குத்தான் பந்து. தூரமாக அடிப்பதற்குக்கூட புஜபலத்தைவிட நேரக்கணக்கும் பாயும் குதிரையின் வேகமும் அதிகம் உதவும்.

அப்படியானால் பெண்ணுக்குத் தடை எங்கே? நல்ல குதிரை யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான். தொழில்முறை போலோ பெரும்பாலும் புரவலர்களின் பணத்தில் நடக்கிறது. அணிக்குப் பணம் போடும் செல்வந்தர், பெரும்பாலும் தானும் அந்த அணியில் ஆடுவார். மீதி இடங்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை அமர்த்துவார். ஒவ்வொருவருக்கும் திறமையைப் பொறுத்து மைனஸ் 2 முதல் 10 வரை ஹாண்டிகேப் என்ற மதிப்பு உண்டு. நான்கு பேருடையதையும் கூட்டினால் போட்டியின் வரம்புக்குள் இருக்க வேண்டும். சிலருக்குக் குதிரையையும் புரவலரே தருவார். பலர் தங்கள் குதிரைகளோடு வர வேண்டும். குதிரைகளைப் பழக்கி விற்பதுதான் பல தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தைவிட நம்பகமான வருமானம். எனவே குதிரை இருப்பவருக்கு ஆட்டம் கிடைக்கும். ஆட்டம் கிடைப்பவருக்கு மேலும் நல்ல குதிரை கிடைக்கும். இந்த வட்டத்துக்கு வெளியே பிறந்த ஒரு பெண், உறுப்பினர் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

சூ சாலியின் மகள் சன்னி ஹேல் அதற்குப் பதில் சொன்னார். 1969-இல் பிறந்த சன்னி, அம்மாவின் லாயத்தில் வளர்ந்தவர். அம்மா மீசையோடு ஆடிய ஆட்டத்தை மகள் சொந்த முகத்தோடு, சம்பளத்துக்கு ஆடினார். 2000-இல் அவுட்பேக் அணியில், உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக மதிக்கப்பட்ட அர்ஜென்டினாவின் அடோல்ஃபோ கம்பியாஸோவுடன் ஆடி அமெரிக்க ஓபனை வென்றார். அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் அவர். ஆண்களோடு சேர்த்துக் கணக்கிடும் ஹாண்டிகேப்பில் 5 வரை உயர்ந்தார். போலோ ஆடுபவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இரண்டைத் தாண்டுவதில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஐந்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அவருக்கு முன்பே, 1986-இல், கிளேர் டாம்லின்சன் அந்த ஐந்தைத் தொட்டிருந்தார். கிளேரும் குதிரை வளர்ப்பவர், பழக்குபவர் என்பதைத் தற்செயலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு குதிரையைப் போலோவுக்குப் பழக்குவது என்றால் என்ன என்று தெரிந்தால் இந்தப் பெண்களின் உழைப்பு இன்னும் நன்றாகப் புரியும். ஓடுவதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. குறிப்பாகப் பந்தயக் குதிரை இனத்தில் வந்தது, பிறவியிலேயே ஓடும். பயப்படாமலிருக்கத்தான் கற்றுத்தர வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், பின்னாலிருந்து சுழன்று வரும் நீளமான மட்டை அதன் கண்ணோரத்தில் பட்டுவிடும். அது ஓர் ஆபத்து என்றுதான் இயல்புணர்வு சொல்லும். அதனால் தொடக்கத்தில் மட்டையைக் கையில் தொங்கவிட்டபடி நடப்பதோடு சரி. பிறகு கழுத்தையும் விலாவையும் மட்டையால் மெல்லத் தடவிக்கொடுப்பார்கள். நின்ற இடத்தில் ஒரு மெதுவான வீச்சு. காது பின்னுக்குப் போகிறதா, முதுகு இறுகுகிறதா என்று கவனித்து, இறுகினால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவார்கள். நடையில் பந்து, அப்புறம் மென்னோட்டத்தில் பந்து, அப்புறம்தான் இன்னொரு குதிரையின் தோள். பொறுமையில்லாதவர் இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், அந்தப் பயம் பல வருடம் கழித்து ஏதோ ஓர் ஆட்டத்தின் நடுவில் வெளியே வரும். இப்படி இரண்டு மூன்று வருடம். ஐந்தாறு வயதில் ஆட்டத்துக்கு வந்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அதன் நல்ல காலம்.

இத்தனையும் முடிந்து ஆட்ட நாள் காலையில் லாயத்தில் நடப்பதைப் பாருங்கள். பிடரி மயிரை ஒட்டச் சிரைத்திருப்பார்கள், கடிவாள வாரிலும் மட்டையிலும் சிக்கிவிடக் கூடாதென்று. வாலைப் பின்னி, மேலே மடித்து, டேப் சுற்றி இறுக்குவார்கள். நான்கு கால்களிலும் பட்டி. கடிவாளத்திலிருந்து நான்கு வார்கள் வரும். நான்கையும் இடது கை விரல்களுக்கிடையே பிரித்துப் பிடிக்க வேண்டும், வலது கை மட்டைக்கு. மட்டையை இடது கையில் பிடிக்க விதி அனுமதிப்பதில்லை. எதிரெதிரே வருபவர்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்வார்கள் என்ற பயம்தான் காரணம். சக்கர் முடிந்த மணி ஒலித்ததும் சில நிமிட இடைவேளை. வியர்த்து மூச்சிரைக்கும் குதிரையிலிருந்து, பக்கத்தில் தயாராக நிற்கும் குதிரைமேல், சில சமயம் தரையில் கால் வைக்காமலேயே தாவிவிடுவார்கள். இறங்கிவந்த குதிரையை லாயக்காரர் வாங்கி, சேணத்தைத் தளர்த்தி, நடத்திக் குளிர்விப்பார். ஸ்கோர்போர்டில் கோல் அடித்தவரின் பெயர் ஏறும். குதிரையின் பெயர் ஏறாது.

சன்னி ஹேலுக்கு இது பொறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2005-இல் பெண்களுக்கென்று ஒரு போட்டித் தொடரை ஆரம்பித்தவர், அதற்குப் பிறகு போலோக் குதிரைகளுக்கென்று ஒரு சங்கத்தையும் நிறுவினார். பந்தயக் குதிரைக்குப் பிறப்புச் சான்று, வம்ச ஏடு, ஓடிய ஒவ்வொரு பந்தயத்தின் பதிவு எல்லாம் உண்டு. போலோக் குதிரை கைமாறும்போது அதன் பெயரே மாறிப்போகலாம். யார் பழக்கினார், எங்கே ஆடியது என்பது வாய்வார்த்தையோடு போய்விடும். குதிரையைப் பழக்கிப் பிழைப்பவருக்கு அது வெறும் உணர்ச்சி விவகாரமில்லை. தான் பழக்கிய குதிரை அடுத்தவர் கையில் ஜொலிக்கும்போது, பழக்கியவர் பெயர் எங்கேயும் இருக்காது. தன் பெயரை மறைத்து ஆடிய தாயின் மகள் குதிரைகளின் பெயரை எழுதிவைக்கப் புறப்பட்டார். 2017 பிப்ரவரியில், 48 வயதை ஒட்டி, புற்றுநோயால் ஏற்பட்ட சிக்கல்களில் சன்னி இறந்துபோனார். இன்னும் இருபது வருடமாவது அவர் இருந்திருக்க வேண்டும்.

இன்று பெண்கள் போலோ நிறைய தூரம் வந்திருக்கிறது. பெண்களுக்கென்று தனி ஹாண்டிகேப் பட்டியல் வந்துவிட்டது. 2003-இல் இங்கிலாந்தின் தங்கக் கோப்பையை வென்ற முதல் பெண்ணான நீனா கிளார்கின் அதில் 10-ஐத் தொட்டார். 2017 முதல் பெண்களுக்கான அர்ஜென்டினா ஓபன், போலோவின் தலைமைப் பீடமான பலெர்மோ மைதானத்தில் நடக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பலெர்மோவில் ஆடும் பெண்களில் ஒருவர் கம்பியாஸோவின் மகள் மீயா. அவருடைய அப்பாவின் பெட்டைக் குதிரை குவார்ட்டெடெராவைக் குளோனிங் செய்து, 2016 அர்ஜென்டினா ஓபனில் அதன் ஆறு பிரதிகளோடு அப்பா களமிறங்கினார். மீயா திறமைசாலி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே திறமையோடு, லாயமில்லாத வீட்டில் பிறந்த பெண்ணுக்கு யார் குதிரை தருவார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்தக் கேள்வி கூர்மையாகும் இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. இன்றைய போலோ மணிப்பூரிலிருந்து உலகுக்குப் போனது. சகோல் காங்ஜெய் என்ற அந்த ஆட்டத்தில் அணிக்கு ஏழு பேர். 1850களில் கச்சார் பகுதியில் மணிப்பூரிகள் ஆடுவதைப் பார்த்த ஆங்கிலேயர்கள் 1859-இல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள். இம்பால் நகரின் நடுவில் இருக்கும் மாபல் காங்ஜெய்புங் உலகின் மிகப் பழைய போலோ மைதானங்களில் ஒன்று. அங்கே பெண்களும் ஆடுகிறார்கள். 2016 ஜனவரியில் பெண்களுக்கான போட்டி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து பெண்கள் அணி வந்தது. வந்தவர்களும் மணிப்பூரிக் குதிரைகளில்தான் ஏறி ஆட வேண்டும். நாலடிக்குச் சற்று முன்பின் உயரம், குட்டை உடம்பு. ஆனால் திரும்புகிற வேகம் அசாத்தியம். பணக்கார நாட்டுக்காரரும் உள்ளூர்ப் பெண்ணும் ஒரே வகைக் குதிரையில் ஏறும் மைதானம் உலகில் வேறு எங்கே இருக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே இம்பால் மைதானத்தை நான் பலெர்மோவுக்கு மேல் வைப்பேன்.

ஆனால் அந்தக் குதிரைகள் அழிந்துகொண்டிருக்கின்றன. 2003 கணக்கெடுப்பில் 1,898 இருந்தன. 2012-இல் 1,101. 2019-இல் 1,089. இவை தலைமுறை தலைமுறையாக லாம்பெல்பாட் போன்ற சதுப்பு நிலங்களில் தாமே மேய்ந்து வளர்ந்தவை. அந்த நிலங்களில் அரசு அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. மேய்ச்சல் இழந்த குதிரைகள் நகரத் தெருவில் குப்பைத்தொட்டிகளைக் கிளறுகின்றன. பிளாஸ்டிக்கைத் தின்று சாகின்றன, வாகனங்களில் அடிபட்டுச் சாகின்றன. 2016-இல் அரசு ஒரு பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. 2023 ஜனவரியில் ஹெய்ங்காங்கில் குதிரைமீது போலோ ஆட்டக்காரர் அமர்ந்திருக்கும் 120 அடி உயரச் சிலை திறக்கப்பட்டது. போலோவின் தெய்வமான மார்ஜிங்குக்கு அது மரியாதையாக இருக்கலாம். எனக்கு அந்தச் சிலையைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. அந்தப் பணத்திலும் அக்கறையிலும் ஒரு பகுதி, வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்கும், கால்நடை மருத்துவருக்கும், குதிரை வளர்க்கும் குடும்பத்துக்கு மாதாமாதம் தீவனச் செலவுக்கும் போயிருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஒரு பெண், நிலமும் லாயமும் இருந்ததால், தனக்கு வேண்டிய குதிரைகளைத் தானே பழக்கிக்கொண்டார். இம்பாலில் மட்டை வீசக் கற்கும் பெண்பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. அவளிடம் நிலமில்லை. அவளுடைய குதிரை ஊருக்குப் பொதுவான புல்லில் வளர்ந்தாக வேண்டும். அந்தப் புல் இன்னும் சில ஏக்கராவது மிஞ்சியிருக்கும்போதே அதை அளந்து, குதிரைகளின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.