திட்டம் உண்டு, சட்டம் எங்கே?

2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், திறக்க வேண்டிய நாளில் நம் பள்ளிகள் திறக்கப்படவில்லை. காரணம், வெயில். ஒருமுறையல்ல, இருமுறை தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தென்மாவட்டப் பள்ளிகளிலே மாணவர் இல்லை. பாயும் பாத்திரமுமாக, வீடிழந்த குடும்பங்கள் இருந்தன. காரணம், வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை! ஓராண்டு முழுதும் தூத்துக்குடி மாவட்டம் காணும் மழையைவிட மிகுதியாக ஒரு பகலும் ஓர் இரவும் கொட்டித் தீர்த்தன.

வெயில் வகுப்பை மூடிற்று. வெள்ளம் வீட்டை மூடிற்று. இடையே ஆறே திங்கள்.

நீர் வடிந்தபின் பாடம் நடத்தச் சென்றேன். வடகிழக்குப் பருவமழை பற்றிய பாடம்! நனைந்து உப்பிய புத்தகத்தைக் கையில் வைத்திருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், இது மறுபடியும் வந்தா யார் சார் பொறுப்பு?" என்றாள். வருண பகவானுக்குக் கோபம் என்று அவள் பாட்டி சொல்லியிருந்தாளாம். அந்த விடை அவளுக்குப் போதவில்லை, ஆசிரியனிடம் வந்தாள். ஆசிரியனோ விழித்தேன்!

வருணன் மீது வழக்குத் தொடுக்க முடியாது. தொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் புகை உலகைச் சூடேற்றுகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு நீராவியைக் கூடுதலாகத் தாங்கும். தாங்கியதைக் கொட்டும்போது மழை பெருமழையாகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இஃதொன்றே முழுக்காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏரியை மறித்து வீடு கட்டியதும் காரணம். வாய்க்காலைத் தூர்த்ததும் காரணம். எல்லாம் மனிதன் செய்தவை. மனிதன் செய்ததை மனிதன் திருத்தலாம். திருத்துவதற்கான கருவி எது? சட்டம்!

"இதற்கென்ன, டில்லியிலே திட்டம் இருக்கிறதே!" என்பர் சிலர். இருக்கிறது, ஐயா! 2008-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், பருவநிலை மாற்றத்திற்கான தேசியச் செயல்திட்டம் வெளியாயிற்று. சூரிய ஆற்றலுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, இமயத்துக்கு ஒன்று என எட்டு இயக்கங்கள். அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இலண்டனில் பருவநிலை மாற்றச் சட்டம் பிறந்தது. ஆண்டு ஒன்றே. இங்கே திட்டம், அங்கே சட்டம். எழுத்தில் வேறுபாடு ஒன்றுதான். விளைவிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அச்சட்டம் ஆள்வோர் மனமிரங்கி அளித்த கொடையா? அன்று! 'பூமியின் நண்பர்கள்' என்னும் அமைப்பு 2005-இல் கிளர்ச்சியைத் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் தத்தம் தொகுதி உறுப்பினரை அணுகி, "சட்டம் கேட்கிறோம், உம் நிலை என்ன?" என்று வினவினர். 646 உறுப்பினருள் 412 பேர், கட்சி வேறுபாடு கருதாமல், சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தில் கையொப்பமிட்டனர். 2050-க்குள் புகையை 60 விழுக்காடு குறைப்பது என்றிருந்த மசோதா, மக்களின் விடாப்பிடியால் 80 என்று திருந்திச் சட்டமாயிற்று. 2019-இல் அந்த இலக்கு நிகரச் சுழியம் என்றே உயர்ந்தது.

அச்சட்டம் செய்தது என்ன? ஐந்தாண்டுக்கு ஒரு புகை வரம்பு வகுத்தது; சர்க்காருக்கு அறிவுரை கூறவும் அதன் செயலை அளந்து சொல்லவும் தனிக்குழு அமைத்தது. 2022-இலும் 2024-இலும், "உமது திட்டம் சட்டத்திற்கு ஒத்ததன்று" என்று உயர்நீதிமன்றம் சர்க்காரிடமே சொல்லிற்று. 2025-இல் அங்குள்ள கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்தால் அச்சட்டத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. அறிவிக்கட்டும்! நீக்க விரும்புவோரும் நாடறிய வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறதல்லவா? அதுதான் சட்டத்தின் வலிமை. திட்டம் சாகும்போது ஓசை எழாது, கோப்புக்குள்ளேயே அடக்கம்!

இங்கே என்ன நடந்தது? 2017-இல் உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பருவநிலை காக்க ஆணையிடுமாறு பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினாள். 2019-இல் அம்மனு தள்ளுபடியாயிற்று. 2070-க்குள் நிகரச் சுழியம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் பிரதமர் உறுதி கூறினார். அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 49. இடையில் எவரேனும் சொல் தவறினால் கேட்கும் உரிமை அக்குழந்தைக்கு எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது? 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் விதிகள் தரும் உரிமை என்று அறிந்தேற்றது. இதற்கென ஒட்டுமொத்தச் சட்டம் ஏதும் நாட்டில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டிற்று. உரிமை உண்டு, அதை நிறைவேற்றும் சட்டம் இல்லை. சாவி கையிலே, பூட்டைத்தான் காணோம்!

"புகை கக்கிக் கொழுத்தவர் மேனாட்டார், சட்டம் மட்டும் நமக்கா?" என்று கேட்போர் உளர். முதற்பாதி மெய். ஆனால் கென்யா கொழுத்த நாடா? அது 2016-இல் சட்டம் செய்தது. தென்னாப்பிரிக்கா 2024-இல் செய்தது. சட்டம் புகையைக் குறைக்க மட்டுமன்று, புகை கக்காத ஏழையைக் காக்கவும் வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் கொதிக்கும் வெயிலில் நிற்கும் பெண் எந்தப் புகையைக் கக்கினாள்?

"1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் போதாதா?" என்பர் வேறு சிலர். 1984-இல் போபாலில் பிணங்கள் குவிந்த பின்னர் வந்த சட்டம் அது. ஆலைக் கழிவை அளக்க அதிலே வழியுண்டு. 2070 வரை ஆண்டாண்டுக் கணக்குக் கேட்க வழியில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்! சட்டம் என்ற பெயரால் மாநிலங்களின் கையைக் கட்ட டில்லிக்கு இடந்தரலாகாது. நீரும் நிலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு. முந்தி நடப்பவனைப் பின்னுக்கு இழுப்பதன்று சட்டத்தின் வேலை. சட்டம் முதலில் டில்லியைக் கட்டட்டும்: ஆண்டுதோறும் கணக்கு, தனித்தியங்கும் குழு, மாநிலங்களுக்கு உரிமையாக வந்து சேரும் நிதி. இந்த மூன்றும் இல்லாத மசோதா, கதவில்லாத வீடு.

தோழர்களே! இரண்டு இலட்சம் பேர் கேட்டார்கள், அங்கே கிடைத்தது. நாம் கேட்டோமா? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். மே முதல் நாளும் ஆகஸ்டு பதினைந்தாம் நாளும் கூடும் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், "சட்டத்துக்குக் கையொப்பமிடுவீரா?" என்று கேளுங்கள், விடை சொல்லும்வரை திண்ணையை விட்டு எழாதீர்கள்.

அந்த மாணவி இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறாள். அடுத்த மழைக்குள் சொல்லியாக வேண்டும்.