கம்போங் ராஜாவில் சுடுநீர்: ஹீட் பம்ப் எந்த வீட்டுக்குப் பொருந்தும்?

கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள் குளிரை அனுபவித்துவிட்டு இரண்டு நாளில் இறங்கிவிடுகிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்களை அந்தக் குளிர் மாதாமாதம் மின்கட்டண ரசீதில் வந்து பார்க்கிறது. விடியற்காலையில் 15, 16 பாகை செல்சியசுக்கு இறங்கும் ஊரில் கொழுந்து பறிக்கவும் காய்கறிக் கொல்லைக்கும் கிளம்புகிறவர்களுக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும், மூட்டுவலியோடு எழும் தாத்தா பாட்டிகளுக்கும் சுடுநீர் ஆடம்பரம் அல்ல. ஒரு காலத்தில் லயன் வீடுகளின் பின்கட்டில் விறகடுப்பும் அண்டாவும் இருந்தன. இப்போது குளியலறைச் சுவரில் மாட்டிய வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அடுத்து ஹீட் பம்ப் வாங்கச் சொல்லி விளம்பரங்கள் வருகின்றன. சில ஆயிரம் வெள்ளி போட வேண்டிய பொருள் என்பதால், கம்போங் ராஜா, புளூ வேலி, கோலா தெர்லா பக்கத்துக் குடும்பங்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

ஹீட் பம்ப் என்றால் என்ன? குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் கையை வைத்தால் சூடு தெரியும். பெட்டிக்குள் இருந்த வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. ஹீட் பம்ப் அதே வேலையை வெளிக்காற்றில் செய்கிறது. காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்துத் தொட்டியிலுள்ள தண்ணீருக்குக் கொடுக்கிறது. சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் மூன்று யூனிட் வரை தரும். கோலாலம்பூர் வெயிலில் நான்குகூட வரலாம், மலையில் அது குறையும். ஐரோப்பாவில் வீட்டு அறைகளைச் சூடாக்கவே இதை வைக்கிறார்கள். கேமரன் மலையில் அறைக்குச் சூடு தேவைப்படுவதில்லை, ஒரு போர்வை போதும். இங்கே கேள்வி குளியல் தண்ணீரைப் பற்றியது மட்டும்தான்.

சுவரில் மாட்டும் ஹீட்டர் மலையில் ஏன் ஒழுகுவது போல ஊற்றுகிறது என்று பலரும் குறைபடுவார்கள். கருவியில் பழுதில்லை, தண்ணீர்தான் அவ்வளவு குளிர்ச்சி. வழக்கமான 3.6 கிலோவாட் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் 27 பாகையில் வரும் தண்ணீரை 38 பாகைக்கு ஏற்றினால் போதும், நிமிடத்துக்கு நாலரை லிட்டருக்கு மேல் கிடைக்கும். கம்போங் ராஜாவில் குழாய்நீர் 18 பாகை என்றால் 20 பாகை ஏற்ற வேண்டும். அதே கருவி நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்தான் தரும். பெரிய ஹீட்டர் வாங்கலாம், ஆனால் பழைய வயரிங் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டு குளியலறைகளில் ஒரே நேரத்தில் ஹீட்டர் ஓடினால் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு அளவிலான ஹீட் பம்ப் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். மின்கருவி குளியலறைக்கு வெளியே இருக்கும் என்பது இன்னொரு நன்மை. ஈரச் சுவரில் மாட்டிய ஹீட்டரில் எர்த்தும் 10 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹீட் பம்ப் வாங்காதவர்களும் இந்த ஒன்றை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி பணக் கணக்கு. நால்வர் உள்ள குடும்பம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர், 18 பாகையிலிருந்து 40 பாகைக்கு என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட், மாதத்துக்கு 153 யூனிட் வெப்பம் தேவை. சாதாரண ஹீட்டருக்கு அவ்வளவும் மின்சாரமாகவே போகும். ஹீட் பம்ப் தொட்டியில் ஆறிப்போகும் சூட்டையும் சேர்த்து 66 யூனிட்டில் முடிக்கும். விற்பனையாளர்கள் இந்த இடத்தில் நிறுத்தி, மின்சாரம் பாதிக்கு மேல் மிச்சம் என்பார்கள். யூனிட் கணக்கில் அது உண்மைதான். வெள்ளிக் கணக்கு வேறு மாதிரி போகிறது.

காரணம், 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்த புதிய மின்கட்டண முறை. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி, கொள்ளளவு, மின்கட்டமைப்பு ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் குறைவாகப் பயன்படுத்துவோருக்குச் சிக்கன ஊக்கத்தொகை என்ற கழிவு உண்டு. 200 யூனிட் வரை என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிகிறது. பயன்பாடு ஏற ஏறக் கழிவு இறங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே கிடைக்காது. பழைய முறையில் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமே கூடுதல் விலை. இப்போதோ மொத்தப் பயன்பாடு எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படிக்குரிய கழிவே முழு ரசீதுக்கும் பொருந்தும்.

விளக்கு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்குமாக 150 யூனிட் பயன்படுத்தும் ஒரு சிறிய வீட்டைப் பார்ப்போம். சாதாரண ஹீட்டரோடு 303 யூனிட் வரும், கழிவு 21 சென், ரசீது ஏறத்தாழ 71 வெள்ளி. ஹீட் பம்போடு 216 யூனிட், கழிவு 24.5 சென், ரசீது 43 வெள்ளி. மாதம் 28 வெள்ளி மிச்சம், ஆண்டுக்கு 335 வெள்ளி. ஹீட் பம்புக்கும் பொருத்தும் கூலிக்கும் கூடுதலாக 5,000 வெள்ளி ஆகிறது என்றால் போட்ட பணம் திரும்ப 15 ஆண்டு. கருவியின் ஆயுளே பத்துப் பதினைந்து ஆண்டுதான். ஆக, சிக்கனமாக வாழும் சிறிய குடும்பத்துக்கு இது லாபக் கணக்கு அல்ல. ஏற்கெனவே கழிவு வாங்கிக்கொண்டிருப்பவருக்குக் கருவியால் கிடைக்கும் மிச்சம் சுருங்கித்தான் போகும்.

விளம்பரங்கள் பேசாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, எரிவாயு ஹீட்டர். 14 கிலோ சமையல் எரிவாயு தோம்பின் உதவித்தொகை விலை 26 வெள்ளி 60 சென். அதற்குள் 180 யூனிட் அளவு வெப்பம் அடங்கியிருக்கிறது. கருவியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 145 யூனிட் தண்ணீரில் சேரும். மேலே சொன்ன நால்வர் குடும்பத்துக்கு மாதம் ஒரு தோம்பும் கொஞ்சமும், கிட்டத்தட்ட 28 வெள்ளி. வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் கூலி தனி. அதே வீட்டில் சுடுநீருக்கு மட்டும் ஹீட் பம்ப் 14 வெள்ளியும் சாதாரண ஹீட்டர் 42 வெள்ளியும் எடுக்கின்றன. மாதச் செலவில் ஹீட் பம்ப்தான் மலிவு. ஆனால் சில நூறு வெள்ளியில் கிடைக்கும் எரிவாயு ஹீட்டரோடு ஒப்பிட்டால், 14 வெள்ளி வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கில் முதலீடு செய்வது பொருந்தாது.

எரிவாயுவில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்து வைக்கும் ஊர் இது. மூடிய குளியலறைக்குள் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எரிவாயு ஹீட்டர் சுவருக்கு வெளியேதான் இருக்க வேண்டும், அதற்கு இடமில்லாத வீடுகளுக்கு இந்த வழியே கிடையாது. இரண்டாவது, 26 வெள்ளி 60 சென் என்பது சந்தை விலை அல்ல, அரசாங்கம் தாங்கிப் பிடித்திருக்கும் விலை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசலின் பொது உதவித்தொகை போனது. 2025 செப்டம்பர் இறுதியில் ரோன் 95 பெட்ரோல் மைகார்டைக் காட்டி வாங்கும் முறைக்கு மாறியது. தோம்பின் விலை பத்து ஆண்டுக்கு இப்படியே நிற்கும் என்று நம்பி முடிவெடுக்க முடியாது. மின்கட்டணமும் அப்படித்தான், இப்போதைய முறை 2027 வரைக்கும் வகுக்கப்பட்டது.

அப்படியானால் யாருக்கு ஹீட் பம்ப்? முதலில் ஹோம்ஸ்தே வைத்திருப்பவர்கள். ஐந்து அறை, 15 விருந்தினர், ஆளுக்கு 60 லிட்டர் என்றால் நாளுக்கு 23 யூனிட். மாதம் முழுதும் அறைகள் நிரம்பினால் 690 யூனிட். இந்த அளவில் கழிவு ஏறக்குறைய இல்லை, 44 சென் முழுதாக விழும். ஹீட் பம்ப் இதை 260 யூனிட்டுக்குக் கொண்டுவந்தால் மாதம் 190 வெள்ளி மிச்சம். 10,000 வெள்ளி முதலீடும் நாலைந்து ஆண்டில் திரும்பிவிடும். ஆனால் எந்த ஹோம்ஸ்தேயும் மாதம் முழுதும் நிரம்புவதில்லை. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் மட்டும் கூட்டம் என்றால் காலத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். வணிகக் கட்டணத்தில் இருப்பவர்கள் தங்கள் ரசீதிலுள்ள விலையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். அடுத்து, மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் எட்டுப் பேர் வாழும் சொந்த வீடு. அங்கே மாத ரசீது ஏற்கெனவே 600 யூனிட்டைத் தொட்டிருந்தால் ஹீட் பம்ப் நியாயமான தேர்வு.

தோட்ட வீடுகளின் நிலை வேறு. அங்கே கேள்வி வீடு யாருடையது என்பதுதான். தோட்ட நிறுவனத்தின் குவாட்டர்ஸில் குடியிருக்கும் தொழிலாளி, வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியவர். பதினைந்து ஆண்டில் பலன் தரும் பொருளை ஐம்பது வயதில் அந்த வீட்டில் பொருத்துவது எப்படி அறிவுடைமையாகும்? கழற்றிக்கொண்டு போகலாம்தான். ஆனால் 200 லிட்டர் தொட்டியை இறக்கி, குழாய்களை வெட்டி, பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடியில் ஏற்றினால் வைக்க இடம் இருக்காது. 5,000 வெள்ளி கையில் இருக்கும் தோட்டக் குடும்பத்துக்கு, சொந்த வீட்டின் முன்பணம்தான் முதல் செலவு. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய டிஓஎல் நிலத்தில் வீடு கட்டியிருக்கும் காய்கறி விவசாயிக்கும் இதே கணக்குத்தான்.

குவாட்டர்ஸில் ஹீட் பம்ப் வைப்பது என்றால் அதை வைக்க வேண்டியது முதலாளி. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) தண்ணீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் பொறுப்பில் வைக்கிறது. ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே பெரிய தொட்டி, ஒரே ஹீட் பம்ப் என்று வைத்தால் வீட்டுக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். தொழிற்சங்கம் பேச்சுவார்த்தையில் கேட்கத் தகுந்த கோரிக்கை இது.

சூரிய ஒளிச் சுடுநீர்த் தொட்டி மலையில் பாதிப் பலன்தான் தரும். மதியத்துக்குமேல் மூடுபனியும் மழையும் வந்துவிட்டால் உள்ளிருக்கும் மின்கம்பி மிச்ச வேலையைச் செய்து ரசீதை ஏற்றிவிடும்.

ஹீட் பம்ப்தான் என்று முடிவு செய்தவர்கள் சுவரையும் தரையையும் பார்க்க வேண்டும். 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் கருவியோடு 250 கிலோவைத் தாண்டும். பலகை வீட்டுத் தரையோ சரிவின் ஓரத்துத் திண்ணையோ அதைத் தாங்காது, கான்கிரீட் தளம் வேண்டும். காற்றாடி ஓடும் சத்தம் இரவில் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குக் கேட்கும், ஒட்டிய வீடுகளில் இதனால் மனக்கசப்பு வரும். மலையோடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் அழுத்தம் போதாது, மழைக்குப் பின் மண்ணும் கலந்து வரும். வடிகட்டி இல்லாமல் தொட்டிக்குள் விட்டால் அடியில் சேறு தங்கும். தண்ணீர் வாரம் ஒரு முறையாவது 60 பாகைக்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் கிருமி வளரும்.

டைமர் உள்ள கருவியாக வாங்குவது நல்லது. விடியற்காலை 15 பாகைக் காற்றில் ஓடுவதைவிட நண்பகல் 22 பாகையில் ஓடினால் குறைந்த மின்சாரத்தில் அதே சூடு கிடைக்கும். மாலைக் குளியலுக்கும் மறுநாள் காலைக்கும் தொட்டி தாங்கும். விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் திறன் எண் எந்தக் காற்று வெப்பநிலையில் அளந்தது, 15 பாகையில் அது எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, கம்ப்ரசர் பழுதானால் சிம்பாங் பூலாய் சாலையில் ஈப்போவிலிருந்து ஆள் ஏறி வருவாரா, வந்தால் அந்தப் பயணக் கூலி உத்தரவாதத்தில் அடங்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.