எண்ணைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்: மருத்துவ ஆராய்ச்சியாளர் மதிப்பீடு குறித்து எங்கள் நிலைப்பாடு

மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் அடங்கியது எங்கள் சங்கம். பணி நியமனம், பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி, விருது எதற்கும் மேற்கோள் எண்ணிக்கை, எச்-இண்டெக்ஸ், ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டர் ஆகியவற்றைத் தகுதி வரம்பாக வைக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. தேர்வுக் குழு கட்டுரைகளைப் படித்தே முடிவெடுக்க வேண்டும். எண்கள் அதற்குத் துணையாக இருக்கலாம், அவ்வளவுதான்.

எண்கள் எதைச் சொல்கின்றன?

இம்பாக்ட் ஃபாக்டர் ஓர் ஆய்விதழின் சராசரி. முந்தைய 2 ஆண்டுகளில் அதில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அதன் கணக்கு. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ இதழுக்கு 2008-இல் அது 2-ஐ ஒட்டி இருந்தது. 2009-இல் 49-ஐத் தாண்டியது. ஜார்ஜ் ஷெல்ட்ரிக்கின் ஒரே கட்டுரை செய்த வேலை அது. அந்த இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு ஓராண்டில் இருபது மடங்கு உயர்ந்துவிடவில்லை.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-இண்டெக்ஸின்படி, தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் ஒருவரின் எண் 20. அது ஏறுமே தவிர இறங்காது. எனவே மூத்தவருக்குச் சாதகம். பிள்ளைப்பேற்றுக்காகச் சில ஆண்டுகள் விலகியிருந்தவருக்குப் பாதகம்.

எல்லா மேற்கோளும் பாராட்டு அல்ல. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியுள்ளன, பெரும்பாலானவை மறுப்பதற்காக. கணக்கில் அவையும் சேர்கின்றன.

1959: இரண்டு சான்றுகள்

கொல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய காலரா வளர்ப்பு நீரே முயலின் குடலில் நீரைச் சுரக்க வைக்கிறது என்று காட்டி, 1959-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். காலரா நச்சின் கதை அங்கே தொடங்குகிறது. ஆயினும் நாட்டின் அறிவியல் அகாடமிகள் அவரை உறுப்பினராக்கவில்லை. 1985-இல் அவர் இறந்த மறு ஆண்டு அவர் பணியை விரிவாக எடுத்தெழுதியவர், மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டுதான்.

அதே 1959-இல் சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தார்கள் என்று அது நிறுவியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. கட்டுரையோ மையத்தின் பெயரில் வெளியானது. அதில் உழைத்த எவருடைய எச்-இண்டெக்ஸிலும் அது ஏறாது.

எண் போனால் சிபாரிசு வருமா?

எண்ணைக் கைவிட்டால் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பதற்கு வழி திறந்துவிடும் என்று எங்கள் உறுப்பினர்கள் சிலரே வாதிட்டார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் எண்ணும் விலைக்குக் கிடைக்கிறது. பணம் கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்த்துத் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். பேசி வைத்து ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டும் குழுக்களும் உண்டு. சிபாரிசைத் தடுக்க வெளி நிபுணரும் எழுத்துவடிவக் காரணமும் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்த 5 கட்டுரைகளைக் குழு முழுமையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அவருடைய பங்கு என்ன என்பதை அவர் எழுதித் தர வேண்டும்.

2. தடயவியல், தொழுநோய் போன்ற சிறிய துறைகளை இதயநோய்த் துறையின் எண்களோடு ஒப்பிடக் கூடாது.

3. சிகிச்சை நெறிமுறை, பொதுச் சுகாதாரத் திட்டம், தரவுத் தொகுப்பு ஆகியவற்றில் ஏற்பட்ட பயனும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

4. நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

5. ஆய்விதழின் எண்ணைக் கட்டுரையின் தரமாகக் கொள்ளக் கூடாது என்னும் 2012 சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் மருத்துவக் கல்லூரிகள் கையொப்பமிட வேண்டும்.

பிறரிடம் கேட்பதை நாங்களும் செய்கிறோம். எங்கள் பயண நிதிக்கும் இளம் ஆய்வாளர் விருதுக்குமான படிவங்களிலிருந்து எச்-இண்டெக்ஸ் கட்டத்தை நீக்கிவிட்டோம்.