தேதி வரும்வரை குழந்தை காத்திருக்குமா?

நமது மலரில் ஏலக்காய் விலை, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, ஊர்த் திருவிழா என்று பலரும் பலவற்றை எழுதுகிறார்கள். நான் எழுத வந்திருப்பது, நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்படும் ஒரு விஷயம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. வந்த ஓரிரு சொற்களும் நின்றுவிடுகின்றன. ‘ஆட்டிசமா என்று மதிப்பீடு செய்து பார்க்க வேண்டும்’ என்கிறார் மருத்துவர். அதற்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. அந்த மாதங்களை ஒரு குடும்பம் மனம் உடையாமல் எப்படிக் கடப்பது?

என் மகளும் மருமகனும் வண்டன்மேட்டில் இருக்கிறார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். பேரனுக்கு வயது மூன்று. எங்களுக்குக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஆகவே இது முடிவு தெரிந்தவன் எழுதும் கட்டுரை அன்று, காத்திருப்பவன் எழுதுவது.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு இரண்டு வயதானபோதே, “அப்பா, இவன் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறான்” என்று மகள் சொன்னாள். “ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். உன் சித்தப்பா நாலு வயசுலதானே வாயைத் திறந்தான்” என்று நான் அடக்கிவிட்டேன். எட்டு மாதம் அதிலேயே போயிற்று. பிறகு சந்தேகம் வலுத்ததும் வேறு பேச்சைத் தொடங்கினேன்: “நீ வேலைக்குப் போனாய், கையில் செல்போனைக் கொடுத்தாய்.” அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய மூத்தவனே குற்றப்பத்திரிகை வாசித்தேன்.

இப்படித் தாயைக் குற்றவாளியாக்கியது நம் ஊர் மட்டுமல்ல. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார். அதற்குப்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம், தாயிடம் பாசம் போதாததே காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள். அத்தகைய தாய்மாருக்குக் ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று பெயரும் வைத்தார்கள். ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். 1977-இல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, பிறவிக்கூறுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. தடுப்பூசிதான் காரணம் என்று 1998-இல் வெளிவந்த கட்டுரையையும் அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, தாய் வளர்த்த விதத்தால் இது வருவதில்லை. காத்திருக்கும் வீட்டில் முதலில் சொல்ல வேண்டிய சொல் இதுவே. அதைப் பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல். “வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். அதனால்தான் பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான், வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்” என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மகள் இரண்டு வாரம் தட்டுத் தடுமாறி அப்படியே செய்தாள். விளைவு, வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது, தாலாட்டும் நின்றது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை, அதனால் அது கூடுவதும் இல்லை என்பதே ஆய்வுகள் கண்ட உண்மை. தாய்க்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் கொஞ்சட்டும். மதிப்பீட்டு நாளன்று மட்டும், “பையனுக்கு வீட்டு மொழி தமிழ்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், மலையாளத்தில் சொன்னது புரியாததையும் சொன்னதே புரியவில்லை என்று எண்ணிவிட இடமுண்டு.

மூன்றாவது, காத்திருக்கும் காலத்தில் வீடே பரீட்சைக்கூடம் ஆகிவிடுகிறது. என் மகள் ஒரு நாளைக்கு இருபது முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பாள். திரும்பினால் வீடே சிரிக்கும். திரும்பாவிட்டால் அடுக்களையில் அழுகை. “அம்மா, சோதிப்பதற்காகக் கூப்பிடாதே. ஏதாவது கொடுப்பதற்காகக் கூப்பிடு” என்றேன். இப்போது பெயரைச் சொன்னால் ஒரு துண்டு வாழைப்பழமோ, தூக்கிச் சுற்றுவதோ உண்டு. அவன் எப்போதும் திரும்புகிறான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிடும் குரலில் இருந்த பயம் போய்விட்டது.

நான் டிப்ளமோ படித்து இருப்புப்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். பாதையில் ஓரிடம் சந்தேகமாக இருந்தால் நாங்கள் ரயிலை ஒரேயடியாக நிறுத்திவிடுவதில்லை. முழு வேகத்தில் விடுவதும் இல்லை. ‘காஷன் ஆர்டர்’ என்று டிரைவரிடம் ஒரு காகிதம் கொடுப்போம். அந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போகும். அந்த உத்தரவு இருக்கும் நாட்களில் கேங் ஆட்கள் அங்கே சும்மா இருக்க மாட்டார்கள். தினமும் வேலை நடக்கும். காத்திருக்கும் குடும்பத்துக்கும் இதுவே வழி என்பது என் தாழ்மையான கருத்து.

நாங்கள் செய்பவற்றைச் சொல்கிறேன். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்தோம். காது கேளாத குழந்தையும் பெயருக்குத் திரும்பாது அல்லவா? ஒரு நோட்டில் தேதி போட்டு, அவன் செய்வதை எழுதுகிறோம்: எது கண்டு மிரண்டான், எது கண்டு சிரித்தான் என்று. சிலவற்றைச் செல்போனில் படம் பிடித்தும் வைக்கிறோம். அறிமுகமில்லாத அறையில் குழந்தை காட்டாததை அது காட்டும். பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டிசம் என்ற முடிவு வந்தாக வேண்டும் என்பதில்லை. பேச்சு தாமதம் என்பதே போதும். உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கென வகுத்துள்ள பயிற்சியும் அத்தகைய முடிவைக் கேட்பதில்லை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப கால உதவி மையங்கள் உண்டு. அங்கன்வாடி ஆசிரியையிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள்.

மதிப்பீடு என்பது தீர்ப்பு அன்று, அளவெடுப்பு. நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 அம்சங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. ஆகவே சான்றிதழ் கிடைத்தால் சில கதவுகள் திறக்கும். ஆனால் அந்தக் காகிதம் வருவதற்கு முதல் நாளும் மறுநாளும் குழந்தை அதே குழந்தைதான்.

இரவில் வரும் பயத்துக்கு இந்த நோட்டு மருந்தாகாது என்பதும் எனக்குத் தெரியும். ‘இருக்கக் கூடாது’ என்று வேண்டும் அதே மனம், ‘இருந்தாலும் சரி, ஒன்று தெரிந்தால் போதும்’ என்றும் வேண்டுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருமகன் அதைச் சொல்லத் தெரியாமல் தோட்ட வேலையில் ஒளிந்துகொண்டார். இப்போது ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் பையன் என் பொறுப்பு. அவர்கள் இருவரும் நடந்துவிட்டு வருகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

போடி ரயில் பாதையை அகலப்படுத்த 2010 கடைசியில் மூடினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். அதுவரை போடிக்காரர்கள் யாரும் மதுரைக்குப் போகாமல் இருக்கவில்லை, பஸ்ஸில் போனார்கள்.

தாத்தா பாட்டிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், “இன்னும் பேசவில்லையா?” என்று தாயிடம் கேட்காதீர்கள். “கொஞ்ச நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு அம்மா” என்று சொல்லுங்கள். தேதி வரும்போது வரட்டும்.